பாண் மனுசி

சட்டைப் பைக்குள் பாண் வைத்துக்கொண்டு திரிகிற மனுசியை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. ரொறொன்ரோவின் ஸ்காபரோ பக்கம், வெக்ஸ்போர்ட்டில் அவருடைய வீட்டு பேஸ்மென்ட்டை வாடகைக்குப் பார்க்கப் போன அன்று, கதவைத் திறந்து எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, விரல் நுனியளவு காய்ந்த பேக்கரிப் பாண் துண்டொன்றை எடுத்து என் மகள் வதனியின் சட்டைப் பைக்குள் திணித்தார். அதற்குப் பிறகுதான் வாங்கோ என்றே சொன்னார்.

"பிள்ளைக்குப் பசியெண்டு நினைச்சிட்டாவாக்கும்," என்றார் இவர். இவர் என்றால் என் கணவர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எரிந்த வீட்டை விட்டு வந்தவர்கள்தான் நாங்கள், ஆனால் கையேந்தி வந்தவர்கள் இல்லை. மனுசி அங்கால் திரும்பிய நேரம் பார்த்து அந்தப் பாணை எடுத்துப் படிக்குப் பக்கத்தில் எறிந்தேன். அவருக்கு முதுகிலும் கண் இருந்தது போல.

"அதை எறியாதை பிள்ளை. தின்னத் தரேல்லை. வழியிலை ஆரும் மறிச்சால் குடுக்கத் தந்தனான்."

"ஆர் மறிக்கிறது?"

"அவைதான்," என்றார். பிறகு படியிறங்கி, குளியலறைக் குழாய் ஒழுகும் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

அவர் பேசியது ஆங்கிலம். அதுவும் கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கிற நியூபவுண்ட்லாந்துத் தீவு ஆங்கிலம். கொழும்புக் கந்தோரில் ஆறு வருஷம் இங்கிலிஷில் கடிதம் அடித்த எனக்கே முதல் மாதம் பாதிதான் விளங்கியது. ஆனால் இத்தனை காலத்துக்குப் பிறகு நினைத்துப் பார்க்கும்போது எனக்குள் அவர் எங்கள் தமிழில்தான் கதைக்கிறார். வசனத்தின் கடைசியில் செல்லமாக ஒரு சொல் போடுவார். அதை நான் 'பிள்ளை' என்றே கேட்டுப் பழகிவிட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய பெயர் தபால் பெட்டியில் இருந்தது. நாங்கள் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. இவர் முதல் கிழமையே 'பாண் மனுசி' என்று பட்டம் வைத்துவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது.

'அவை' யார் என்று பிடிபட எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. பெயர் சொல்லமாட்டார். பெயர் சொன்னால் வருவார்களாம். 'நல்லவை' என்பார், 'சின்ன ஆக்கள்' என்பார், கோபம் வந்தால் வெறுமனே தலையால் சன்னல் பக்கம் காட்டுவார். பிறகுதான், பிள்ளைகளின் கதைப் புத்தகங்களில் வருகிற தேவதைகளைத்தான் சொல்கிறார் என்று விளங்கியது. ஒருமுறை நூலகத்திலிருந்து வதனிக்குப் படப் புத்தகம் எடுத்து வந்தேன். பூவுக்கு மேலே செட்டையும் மினுங்கல் சட்டையுமாக ஒரு தேவதை. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மனுசி மூக்கால் ஊதினார்.

"உதைக் கீறினவன் ஒருநாளும் பெர்ரி பிடுங்க மலைக்குப் போகாதவன். செட்டையாம்! அவை எங்களை மாதிரித்தான் பிள்ளை. கொஞ்சம் கட்டை. பழைய உடுப்பு. எங்களிலை எரிச்சல், அவ்வளவுதான்."

"ஏன் எரிச்சல்?"

"எங்களுக்குப் பிள்ளையள் பிறக்குதே. அவைக்குப் பிறந்தால் தப்பாது."

அவர் ஊரில், பெர்ரி பிடுங்கப் போகிறவர்கள் பைக்குள் பாணோடுதான் போவார்களாம். வழி தவறி, தெரிந்த மலையே தெரியாத மலையாகிவிட்டால், கோட்டைக் கழற்றி உள்புறத்தை வெளியே திருப்பிப் போடவேண்டுமாம். அப்படிப் போட்டால் அவர்களுக்கு ஆளை அடையாளம் தெரியாதாம். இதெல்லாம் மலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனுசி ஸ்காபரோ பஸ்ஸில் கோட்டை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு, கை மடிப்பில் தையல் நூல் தொங்கத் தொங்கச் சாமான் வாங்கப் போவார். அழுக்குத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றமுதல் "தண்ணி வருது, விலத்துங்கோ!" என்று வெறும் வெளியைப் பார்த்துச் சத்தம் போடுவார். பக்கத்து வேலிக் கதவை ஒருநாளும் சாத்தவிடமாட்டார், அது அவர்களுடைய பாதையாம். பின்வாசலில் ஒரு பீரிசில் பால் வைப்பார். காலையில் பீரிசு நக்கித் துடைத்தபடி இருக்கும். கண்ணைச் சுற்றிக் கறுப்பு விழுந்த ரக்கூன் மிருகமொன்று குடிப்பதை இவர் கண்டுவிட்டு வந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"உவவின்ர தேவதைக்கு வால் இருக்கப்பா. கண்ணிலை மையும் பூசியிருக்கு."

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அந்த மனுசியைப் பிடித்துப்போயிற்று. எங்கள் அம்மா இறைச்சிக் கறி கொடுத்துவிடும்போது சட்டிக்கு மேலே ஒரு கரித்துண்டு வைக்காமல் அனுப்பமாட்டா. நான் வதனியைச் சுமந்த காலத்தில் இடுப்பில் ஒரு சின்ன இரும்பு ஆணி இல்லாமல் வாசல் தாண்டவிட்டதில்லை. வெள்ளைக்காரர் எல்லாரும் படித்த ஆட்கள், எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று கூனிக் குறுகி வந்த எனக்கு, இங்கே ஒருத்தி பாண் துண்டோடு நின்றது பெரிய ஆறுதலாக இருந்தது. உவ எங்கட ஆள் என்று நினைத்துவிட்டேன். அங்கேதான் பிழை விட்டேன்.

சமையலறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. மூன்று வயதுப் பையன், மீன்பெட்டிக்கு மேலே இருந்து சிரிக்கிறான். "என்ர மகன்," என்றார் மனுசி. "அவையோடை இருக்கிறான். அவனுக்கு என்ன, ராசா மாதிரி. அங்கை ஆருக்கும் வயசு போறேல்லை." அவர் கணவர் ரொறொன்ரோவுக்குக் கூரை வேலைக்கு வந்து, வீடு வாங்கி, செத்தும் போனவர். கணவரைப் பற்றிச் செத்தவர் என்று சொல்லுவார். மகனைப் பற்றி அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. நான் தோண்டிக் கேட்கவில்லை. எனக்கு என் வீட்டுப் பாடு காணும்.

என் வீட்டுப் பாடு வதனி. அவள் வாய் திறப்பதில்லை.

எண்பத்துமூன்று ஆடியில் அவளுக்கு நாலு வயது. அதுவரை வாய் ஓயாது. கலவரம் தொடங்கிய அன்று இவர் கந்தோரில், நானும் அவளும் வீட்டில். பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசி எங்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் குளியலறைக்குள் விட்டுப் பூட்டினா. வெளியே ஆட்கள் தேடுகிறார்கள், கதவு கதவாகத் தட்டுகிறார்கள். இவள் தண்ணீர் வேணும் என்று அழத் தொடங்கினாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். மத்தியானம் பொத்திய கை, பொழுதுபடத்தான் எடுத்தேன். எடுத்தபோது கன்னத்தில் என் நாலு விரலும் பதிந்து கிடந்தன. அதற்குப் பிறகு அவள் ஒரு சொல் பேசவில்லை.

இதை நான் எவருக்கும் சொல்லவில்லை. இவருக்கே சொல்லவில்லை. "பயந்த கோளாறு, போகப் போகச் சரிவரும்," என்று இவர் நம்பிக்கொண்டிருந்தார். ஊரிலென்றால் நூல் கட்டியிருப்போம், திருநீறு போட்டிருப்போம். ரொறொன்ரோவில் யாரிடம் போவது? டாக்குத்தர் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், அதிர்ச்சி, பொறுத்திருங்கள் என்றார். ஏதாவது குறிப்பாக நடந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். தாய் நான், டாக்குத்தர் முகத்தைப் பார்த்து இல்லை என்றேன்.

ஒருநாள் மேலே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது பாண் மனுசி வதனியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஒரே நாளிலையோ மாறினது?"

"ஓம். ஒரே நாளிலை."

"சாப்பாடு?"

"சாப்பிடுறாள். ஆனால் உடம்பிலை ஒட்டேல்லை."

"உன்னைப் பார்க்கிற பார்வை எப்பிடி?"

"என்னைப் பார்க்கிறேல்லை," என்றேன்.  உண்மையில் அவள் அன்றிலிருந்து என் முகத்தை நேரே பார்த்ததே இல்லை.

மனுசி என் கையைப் பிடித்தார். "அப்ப உது அவள் இல்லை பிள்ளை. உன்ர பிள்ளையை அவை கொண்டுபோட்டினம். தங்கட ஒண்டை மாத்தி விட்டிருக்கினம்."

வேறொரு தாயாக இருந்தால் அந்த இடத்திலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பாள். நான் இறங்கவில்லை. என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை விலகியது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: அவர்கள் கொண்டுபோனார்கள் என்றால் நான் கொண்டுபோகவில்லை. பிள்ளையின் குரலை எடுத்தது என் கை இல்லை. நான் கடித மொழியும் கணக்கும் படித்தவள்தான், ஆனாலும் அந்தச் சின்ன ஆட்கள் எனக்குத் தேவைப்பட்டார்கள். இரண்டொரு மாதம் நான் அவர்களை முழு மனதோடு நம்பினேன்.

மாறி வந்ததைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு என்றார் மனுசி. முட்டைக் கோதில் தேத்தண்ணி காய்ச்சவேண்டும். மாறி வந்தது மிகப் பழசு, காணாதது ஒன்றுமில்லை. ஆனால் முட்டைக் கோதில் சமைக்கிற விசரை அது கண்டிருக்காது. சிரிப்பை அடக்கமாட்டாமல் வாயைத் திறந்து பேசிவிடும். பேசினால் அகப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை இவர் வேலைக்குப் போனபிறகு செய்தோம். பன்னிரண்டு அரைக் கோதுகளைத் தாச்சியில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் தண்ணீரும் ஒரு கிள்ளுத் தேயிலைத் தூளும் போட்டார். வதனி உயரக் கதிரையில் இருந்து பார்த்தாள். தண்ணீர் கொதித்தது. நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். 'கதை, கதை, பேயாக இருந்தாலும் பரவாயில்லை, கதை' என்று மனதுக்குள் கெஞ்சினேன். வதனி கதிரையால் இறங்கினாள். மேசையிலிருந்த சீனிப் பேணியைத் தூக்கி வந்தாள். கரண்டியால் ஒவ்வொரு கோதுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீனி போட்டாள், பன்னிரண்டுக்கும். போட்டுவிட்டுப் போய்த் தன் இடத்தில் ஏறி இருந்தாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மனுசி கண்ணீர் வரச் சிரித்தார், அப்படி அவர் சிரித்து நான் கண்டதேயில்லை. பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"உது மெத்தப் பழசு," என்றார் மெதுவாக. "கெட்டித்தனம். இதுக்கெல்லாம் மசியாது."

"வேறை வழி இல்லையோ?"

"ஒண்டு இருக்கு. அதை நீ பார்க்கக் கூடாது, தாய் பார்த்தால் பலியாது. நல்ல குளிர் நாளாப் பார்த்துச் சொல்லுறன். ஒரு பின்னேரம் பிள்ளையை என்னட்டை விடு."

ஓம் என்றேன். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

அப்போது நான் கந்தோர் ஒன்றில் பின்னேரத் துப்புரவு வேலை எடுத்திருந்தேன். நான் போய் வரும் வரைக்கும் வதனி மேலேதான் இருப்பாள். மாசி மாதம் ஒருநாள் மனுசி படியில் நின்று, "இண்டைக்கு, பிள்ளை," என்றார். தலையை ஆட்டிவிட்டுப் போய் பஸ் ஏறினேன். பஸ்ஸில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு வந்தார்கள், இந்த வருஷத்திலேயே இன்றுதான் மோசமான குளிர், பத்து நிமிஷம் வெளியே நின்றால் தோல் விறைத்துப்போகும் என்று. நல்ல குளிர் நாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த தரிப்பில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நிற்காமல் சறுக்கி விழுந்து எழும்பி ஓடினேன். கடவுளே, கடவுளே என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டு ஓடினேன், தெருவில் போன சனம் திரும்பிப் பார்த்தது.

வீட்டில் ஒருவருமில்லை. பின்கதவு ஆவென்று கிடந்தது. முற்றத்துப் பனியில் பெரிய கால் தடமும் சின்னக் கால் தடமும் சோடியாக வேலிக் கதவால் வெளியே போய், பின்னால் இருந்த மரப் பள்ளத்துக்குள் இறங்கின.

பள்ளத்தின் அடியில் விழுந்து கிடந்த மரமொன்றில் பாண் மனுசி இருந்தார். கோட்டு இல்லை. மெல்லிய கம்பளிச் சட்டை மட்டும். கோட்டு வதனியைச் சுற்றியிருந்தது, உள்வெளியாக. தலையில் அவருடைய தொப்பி, கையில் அவருடைய கையுறை. பிள்ளையை மடியில் வைத்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். உதடு நீலம்.

நான் பிள்ளையைப் பறித்தேன். சூடாகத்தான் இருந்தாள். "விசரி! கொல்லப் பார்த்தியே!" என்று தமிழிலேயே கத்தினேன். எனக்கும் அதில் பங்கு இருக்கிறது என்ற நினைப்பு அந்த நேரத்தில் வரவில்லை.

"ஏலாமல் போச்சு பிள்ளை," என்றார். பல் கிடுகிடுத்தது. "இதிலை இருத்திப்போட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகவேணும். போனனான். அந்த வேலி வரைக்கும் போனனான். அதிலை நிண்டு திரும்பிப் பார்த்திட்டன். கையை நீட்டிக்கொண்டு நிக்குது. என்னை மன்னிச்சுக்கொள். நான் இளகினதாலை உன்ர பிள்ளையை இனி அவை விடமாட்டினம்."

அவரை அங்கேயே விட்டுவிட்டு வரத்தான் மனம் சொன்னது. ஆனால் அந்த நிலையில் விட்டால் அவர் முடிந்துவிடுவார் என்று தெரிந்தது. ஒரு கையில் வதனியும் மறு கையில் அவருமாக மேலே ஏறினேன். சமையலறையில் அவருக்குப் போர்வை சுற்றி, சுடச்சுடத் தேத்தண்ணி கொடுத்தேன். அப்போதுதான் சொன்னார், மகனின் படத்தைப் பார்த்தபடியே.

மகனுக்கு மூன்று வயதில் கடும் காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது பேச்சும் போய்விட்டது, தாயையே அடையாளம் தெரியவில்லை. மாமிதான் சொன்னாவாம், உது எங்கட பொடியன் இல்லை என்று. ஐப்பசி மாதம், பொழுதுபடுகிற நேரம், பெர்ரி மேட்டில் கொண்டுபோய் இருத்திவிட்டு மனுசி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தார். விடிய அவர்கள் மகனைக் கொண்டுவந்து விட்டிருப்பார்கள் என்று ஓடினார்.

"மகன் வரேல்லை. அந்த மற்றதுதான் கிடந்தது. விறைச்சுப்போய்." தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "அவைக்கு அவனை விட மனம் வரேல்லை. அவ்வளவு வடிவான பொடியன். அங்கை பாட்டும் கூத்துமா இருப்பான். என்ன பிள்ளை? நல்லாத்தானே இருப்பான்?"

அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. நாற்பது வருஷமாக இந்த மனுசி பாண் வைத்ததும் பால் வைத்ததும் கதவைத் திறந்து விட்டதும் எதற்கென்று அந்தக் கணத்தில் விளங்கியது. அந்தச் சின்ன ஆட்கள் இருந்தே ஆகவேண்டும். அவர்கள் இல்லையென்றால், பெர்ரி மேட்டில் விறைத்துக் கிடந்தது யார்?

"ஓம்," என்றேன். "நல்லா இருப்பார்."

அன்றைக்கு இவர் வேலையால் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.  "உந்த மனுசியைப் பொலிசிலை குடுக்கவேணும்," என்று எழும்பினார்.

"அப்ப என்னையும் சேர்த்துக் குடுங்கோ. நான்தான் ஓமெண்டனான்."

"நீர் ஏன் ஓமெண்டனீர்? உமக்கென்ன விசரோ?"

அப்போதுதான் குளியலறையில் பொத்திய கையைப் பற்றிச் சொன்னேன். ஒன்றரை வருஷம் தொண்டையில் கிடந்தது, ஒரே மூச்சில் வந்துவிட்டது. இவர் பிறகு வந்து பக்கத்தில் இருந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நீர் பொத்தியிராட்டில் நீங்கள் ரெண்டு பேருமே இப்ப இல்லையப்பா," என்றார். நான் கேவிக் கேவி அழுதேன். பிறகு பொலிசுக் கதையை இவரும் எடுக்கவில்லை.

அந்த மாத முடிவிலேயே ஸ்காபரோவின் கிழக்குப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு மாறினோம். சாமான் ஏற்றும்போது மனுசி வெளியே வரவில்லை. மேல் சன்னல் திரை ஒதுங்கியிருந்தது. நான் கை காட்டவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு வேலை மட்டும் செய்தேன். காலையில் வதனிக்குத் தலை இழுக்கும்போது அந்த நாளைப் பற்றி அவளிடம் சொல்லுவேன். "அம்மாதான் உங்கட வாயைப் பொத்தினவ. வெளியிலை கூடாத ஆக்கள் நிண்டவை. அம்மாவுக்குச் சரியான பயம்." அவள் சீப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாரங்கள் போயின, மாதங்கள் போயின. நான் விடவில்லை. கோபித்துக்கொண்டாவது ஏதாவது சொல்லட்டும் என்று பார்த்தேன்.

அடுத்த வருஷம் கோடையில் ஒரு சனிக்கிழமை, தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தேன். சவர்க்கார நுரை வழிந்துவிட்டது.

"அம்மா, கண் எலியுது."

நாலு வயதில் அவளுக்கு 'ர' வராது. 'ல' தான் வரும். இப்போது ஏழு வயது, அப்படியே 'ல'. விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். நான் வாளியைப் போட்டுவிட்டு, சவர்க்காரத்தோடு அவளை இறுக்கிப் பிடித்துக் கத்தியதில் இவர் கதவை உடைப்பதுபோல் ஓடி வந்தார். அவருக்கும் அவள் சொன்னாள், "அப்பா, அம்மாவைப் பாலுங்கோ." அவர் நிலத்தில் இருந்துவிட்டார்.

அந்தப் பின்னேரம் முழுக்க யாருக்காவது சொல்லவேண்டும் போலிருந்தது. ஊருக்குக் கடிதம் போக மூன்று கிழமை எடுக்கும். யோசித்தேனா என்றால் இல்லை. சந்தோசம் தலைக்கேறினால் மனுசருக்கு மூளை வேலை செய்யாது. வெக்ஸ்போர்ட் இலக்கம் விரலுக்கே தெரிந்திருந்தது. பயந்து ஓடி வந்தவள்தான் நான். ஆனால் இந்த நகரத்தில் என் பிள்ளையின் பேச்சுக்காக என்னோடு சேர்ந்து காத்திருந்த ஒரே ஆள் அந்த மனுசி. அந்த போனை நான் எடுத்திருக்கக் கூடாது.

"கதைச்சிட்டாள்!" என்றேன், பெயர்கூடச் சொல்லாமல். "வதனி கதைச்சிட்டாள்!"

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "ஐயோ பிள்ளை!" என்றார். குரலில் அவ்வளவு சந்தோசம். "விட்டிட்டினமே! கொண்டுவந்து விட்டிட்டினமே! எங்கை வைச்சனீ? எந்த இடத்திலை?"

"ஒரிடமும் வைக்கேல்லை."

"பின்னை என்ன செய்தனீ?"

"ஒண்டும் செய்யேல்லை. தலைக்கு வாத்தனான். நுரை கண்ணுக்குள்ளை போட்டுது, எரியுதெண்டாள்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்," என்றேன் சிரித்துக்கொண்டே. "அதே குரல். அதே மழலை. அவள் ஒரிடமும் போகேல்லை. முழுக்க என்னோடைதான் இருந்திருக்கிறாள்."

சொல்லி முடித்த பிறகுதான் எதைச் சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. திருப்பி எடுக்கப் பார்த்தேன். "உங்கட மகன்ர கதை வேறை," என்று தொடங்கினேன். அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு மட்டும் கேட்டது. 

"அண்டைக்கு அவன்ர காலுக்குச் சொக்ஸ் போடேல்லை பிள்ளை," என்றார். "அந்த மற்றதுக்கு ஏன் நல்ல சொக்ஸ் எண்டு, போடாமல் கொண்டுபோனனான்."